முழங்காலும் முடியரசும்

ஆடவன் பாவாடை கட்டுவதா என்று கேட்டுக் கைகொட்டிச் சிரிப்போர் இன்றும் உளர். மேலை நாடுகளில் மலைவழி நடக்கும் ஆடவர் சிலர் காற்சட்டையைக் களைந்துவிட்டு, எடை குறைந்த செயற்கை இழைத் துணியில் தைத்த 'கில்ட்' என்னும் முழங்கால் அளவு உடையை அணிகின்றனர். காலை வீசி ஏறத் தடையில்லை, காற்று உலவுகிறது, நனைந்தால் விரைவில் உலர்கிறது, ஈரக் காற்சட்டை உரசித் தொடை புண்ணாகும் தொல்லையும் இல்லை. அவர்கள் கூறும் காரணங்கள் இவை. எனினும், பெண்ணுடை என்று எள்ளுவோர் எள்ளிக்கொண்டுதான் இருக்கின்றனர். அவர்க்கு விடை கூற நாம் வாதம் புரியத் தேவையில்லை; வரலாறு போதும்.

ஸ்காட்லாந்தின் வடக்கிலும் மேற்கிலும் பரந்து கிடப்பது மலைநாடு. மழையும் மூடுபனியும், சேறும் ஓடையும் நிறைந்த மண். 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்கு ஆடவர், நீண்ட கம்பளித் துணியை மடிப்பு மடிப்பாக இடையில் வைத்து, வாரால் இறுக்கிக் கட்டினர். இடைக்குக் கீழே அது உடை. தோளில் எடுத்துப் போட்டால் போர்வை. இரவில் அவிழ்த்தால் படுக்கை. வேட்டியை மடித்துக் கட்டி வரப்பிலே நடக்கும் நம் உழவர்க்கு இதன் அருமையை விளக்கவும் வேண்டுமோ? 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேற்பகுதி நீங்கி, கீழ்ப்பகுதி மட்டும் தனியுடை ஆயிற்று. அவ்வாறு குறைத்தவர், அங்கே இரும்பு உருக்காலை நடத்திய ராலின்சன் என்னும் ஆங்கிலேயர் என்பர் சிலர். மறுப்பர் வேறு சிலர். குறைத்தவர் எவராயினும், பயன்பெற்றது பாடுபடுவோரின் கால்கள்.

1746 ஏப்ரல் 16. கலோடன் வெளியில் இரு அரச குலங்கள் ஒரு மகுடத்துக்காக மோதின. மகுடம் கேட்டு வந்த இளவரசன் தப்பி ஓடினான். மண்ணிலே வீழ்ந்தவர் மலைநாட்டு மக்கள். வென்ற அரசு வாளைப் பறித்ததோடு நின்றதா? இல்லை, உடையையும் பறித்தது! அதே ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டப்படி, 1747 ஆகஸ்ட் 1 முதல் ஸ்காட்லாந்தில் ஆடவரும் சிறுவரும் மலைநாட்டு உடை அணிவது குற்றம். முதல் முறை அகப்பட்டால் ஆறு திங்கள் சிறை. மறுமுறை அகப்பட்டால் ஏழாண்டு கடல் கடந்த நாடுகடத்தல். ஒரு முழத் துணிக்கு ஏழாண்டு!

விலக்கும் ஒன்று வைத்தனர். அரசின் படையிலே சேர்ந்தவன் அதே உடையை அணியலாம். தன் காட்டில் நடக்க உடுத்தினால் குற்றவாளி. மன்னனுக்காக மடிய உடுத்தினால் வீரன்! துணி ஒன்றே, தீர்ப்புத்தான் இரண்டு.

1782இல் தடை நீங்கிற்று. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னன் எடின்பரோவுக்கு எழுந்தருளினான். எழுத்தாளர் வால்டர் ஸ்காட் விழாவை வடிவமைத்தார். எந்த உடைக்காக ஏழைகளைச் சிறையிட மன்னனின் முன்னோர் ஆட்சி சட்டம் செய்ததோ, அதே உடையை, இளஞ்சிவப்புக் காலுறை மாட்டி, மன்னனே அணிந்து நின்றான். நேற்றுவரை காட்டுமிராண்டிக் கோலம். அன்று முதல் நாகரிகத்தின் சின்னம்!

அந்த உடைக்கு உரியவர் நிலை யாது? விழாவுக்கு மூன்றாண்டு முன்னர், 1819இல், சதர்லாந்துச் சீமையில் ஆடு வளர்ப்புக்காகக் குடியானவர் வெளியேற்றப்பட்டனர். அவர்தம் குடிசைகள் கொளுத்தப்பட்டன. உடை மாளிகை ஏறியது. உடுத்தியவர் கப்பல் ஏறினர்.

ஆணுடை இது, பெண்ணுடை இது, உயர்ந்தது இது, இழிந்தது இது என்று வகுத்தது இயற்கையன்று, ஆதிக்கம். அது தன் வசதிக்கேற்ப வகுக்கும். வசதி மாறினால் தானே அழிக்கும். இன்று மலைப்பாதையில் கில்ட் அணிந்து நடப்பவன் புதுமை எதுவும் செய்யவில்லை. மேட்டில் ஏறும் காலுக்கு எது ஏற்றதோ, அதை அணிகிறான். அந்த எளிய உரிமைக்காக ஒரு காலத்தில் சிறை சென்றவர் உண்டு என்பதைச் சிரிப்போர் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.