முறுக்கிய கம்பியும் நசுக்கிய குழலும்

வன்னியின் வரலாறு என்றால் குளங்களையும் பண்டார வன்னியனையும் பேசுவதே வழக்கம். நான் இன்று பேசப் புகுவதோ, இரண்டு கம்பிகள் சேரும் இடத்தைப் பற்றி.

1990ஆம் ஆண்டின் பின்னர் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளில் மின்சாரம் இல்லாதொழிந்தது. பற்றரிகளுக்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த அந்நாளில், துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுழற்ற, தைனமோவின் மின்னைக் கொண்டே வானொலி கேட்டோம். செய்தியின் நடுவே ஒலி அறுந்துபோக, மிதித்தவரை நாம் கடிந்துகொண்டதுண்டு. குற்றம் பெரும்பாலும் அவருடையதன்று. கையால் முறுக்கிய கம்பி அதிர்வில் தளரும். செம்பின்மேற் படியும் களிம்பும் மின்னோட்டத்தைத் தடுக்கும்.

பற்றாசு உருக்கி ஒட்டுவதே உலகில் நெடுங்காலம் நிலவிய முறை. அமெரிக்காவில் 1941இல் விற்றேக்கர் என்பார் தொடங்கிய ஏ.எம்.பி. நிறுவனம், வானூர்திக்கும் கப்பலுக்குமென, நெருப்பின்றி நசுக்கியே இணைக்கும் முனைகளைச் செய்து பரப்பிற்று. கம்பியின் இழைகளைச் செப்புக் குழலினுட் செலுத்தி அளவறிந்து அழுத்தினால், களிம்புப் படலம் உடைந்து தூய உலோகம் உலோகத்தைத் தொடும். காற்றும் ஈரமும் நுழைய இடமிராது. அழுத்தம் குறைந்தாற் கம்பி கழன்றுவிடும். மிகுந்தால் இழை அறும். ஆதலின், பற்சக்கரம் பொருந்திய நற்குறடு நசுக்கு முற்றுப்பெறும்வரை வாய் திறவாது. முனைகளின் உறைக்கும் நிறமுண்டு: 1.5 சதுர மில்லிமீற்றர் வரை சிவப்பு, 2.5 வரை நீலம், 4 முதல் 6 வரை மஞ்சள். குறட்டின் வாயிலும் அந்நிறங்களே குறிக்கப்பட்டிருக்கும்.

2009இல் போர் முடிந்தபின், வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும் அப்பாற் சுன்னாகத்துக்கும் 132 கிலோவோல்ற்று வழிகள் மீண்டும் அமைந்தன. இத்தகைய உயர்வழிகளிற் பொதுவாக உருக்கு நடுவிழைக்கு ஒன்றும் அலுமினியத்துக்கு ஒன்றுமாக இரு குழல்களை எண்ணெயழுத்தப் பொறியால் நசுக்குவர். தத்துவம் ஒன்றே; கருவிதான் பெரிது.

இதனை நான் கற்றது நூலிலன்று. முன்பு பணியாற்றிய பாடசாலையொன்றில், கிணற்று மோட்டரின் கம்பி முனையை யாரோ சுத்தியலால் தட்டிப் பொருத்தியிருந்தனர். ஒருநாள் கருகல் நாற்றம் வருவதாக மாணவனொருவன் ஓடிவந்து கூறினான். சுவிச்சை நிறுத்திவிட்டு முனையைக் கழற்றினோம். ஏழிழைக் கம்பியில் மூன்று இழைகள் அறுந்திருந்தன. எஞ்சிய நான்கே, மாதக்கணக்கில், அவ்வளவு மின்னையும் தாங்கிக் கறுத்துப்போயிருந்தன.