வினைச்சொல் கற்ற போர்த்துக்கீசியர்

ஒரு மொழியின் வாயிலில் நிற்பவை பெயர்ச்சொற்கள். உள்ளறையில் வாழ்பவை வினைச்சொற்கள். போர்த்துக்கீசியர் நமக்குத் தந்து சென்ற சொற்களை எண்ணிப் பார்ப்போமாயின் இவ்வுண்மை இனிது விளங்கும். சாவி, சன்னல், மேசை, அலமாரி, ஏலம் ஆகிய யாவும் பெயர்களே. பொருள் வந்தால் அதன் பெயரும் உடன் வந்துவிடும். வினையோ, அம்மொழி பேசும் மக்களோடு உடனிருந்து பழகினாலன்றி வருவதில்லை. வா, போ, உண், உறங்கு என்னும் எளிய சொற்களைக் கற்கக் கடல்கடந்து வந்த போர்த்துக்கீசியர் பட்ட பாடு, நாம் அறியத்தக்கதொரு வரலாறாகும்.

புனித சவேரியார் 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தபொழுது அவர் தமிழறியார். இருமொழியும் ஓரளவு அறிந்தாரைக் கொண்டு மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து ஓதுவித்தார். அம்மொழிபெயர்ப்பில் 'நம்புகிறேன்' என்று நிற்கவேண்டிய இடத்தில் 'வேண்டும்' என்னும் சொல் நின்றது. 1544இல் தம் தோழர் மான்சிலாசுக்கு எழுதிய மடலொன்றில் சவேரியார் இப்பிழையைச் சுட்டி, 'விசுவாசம்' என்னும் சொல்லை அவ்விடத்தில் அமைக்குமாறு பணித்தார். கடவுளை நம்புவதும் கடவுளை வேண்டுமென்பதும் ஒன்றாகுமோ? ஒரு வினை பிறழ்ந்தமையால் ஒரு சமயத்தின் அடிப்படை உறுதிமொழியே பொருள் மாறி நின்றது.

அவ்வாண்டின் இறுதியில் அவர் பூவார் முதல் பள்ளம் வரையுள்ள திருவிதாங்கூர்க் கடற்கரை ஊர்களில் நடந்தே சென்று சமயப் பணியாற்றினார். குன்னத்துகாலும் பாறசாலையும் போலவே பூவாரும் இன்றைய நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே இவ்வரலாறு எங்கோ நிகழ்ந்ததன்று. நம் வாயிற்புறத்தே நிகழ்ந்தது எனலாம்.

பிறர் நாவை நம்பாமல் தம் நாவாலேயே தமிழ் பேசத் துணிந்தவர், 1546இல் இந்தியா வந்த என்றிக்கே என்றிக்கசு அடிகளார். 1520இல் போர்த்துக்கல் நாட்டு வில்லா விசோசாவில் பிறந்த இவர், முத்துக்குளித்துறையில் இரவுபகலாகத் தமிழ் பயின்றார். சொற்களை உதிரியாக மனனம் செய்வதோடு அவர் அமையவில்லை. இலத்தீன் இலக்கணத்தோடு ஒப்பிட்டு, வினைகளைக் காலந்தோறும் இடந்தோறும் நிரல்படுத்திக் கற்றார். அதன் பயனாகச் சில மாதங்களிலேயே மொழிபெயர்ப்பாளர் துணை வேண்டாதவரானார். தாம் கற்ற முறையைப் பின்வருவோர்க்கும் உதவப் போர்த்துக்கீசிய மொழியில் ஓர் இலக்கணமாக வரைந்தார். ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழிலக்கணம் அதுவே.

போர்த்துக்கீசியர் ஒருவர்க்குத் தமிழ்வினை எங்கே எளிது, எங்கே அரிது? அவர்தம் மொழியிலும் வினையின் ஈறே எழுவாயை உணர்த்தும். 'ஃபாலோ' என்றாலே 'பேசுகிறேன்' என்பது பொருள். 'நான்' என வேறு சொல்ல வேண்டுவதில்லை. இவ்வளவில் தமிழ் அவருக்கு உறவுமொழி போலத் தோன்றியிருக்கும். ஆனால், அவர்க்கு ஆர், ஏர், ஈர் என முடியும் மூவகை வினைகளே பெருவழக்கு. நமக்கோ செய் என்பது செய்தான் என்றும், நட என்பது நடந்தான் என்றும், படி என்பது படித்தான் என்றும், காண் என்பது கண்டான் என்றும் வரும். விழு என்பது விழுந்தான் ஆகும். அதே வடிவுடைய அழு என்பது அழுதான் ஆகும். மேலும், அவர்தம் வினை ஆண்பால் பெண்பால் காட்டாது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது எனப் பாலும் மதிப்பும் ஓர் ஈற்றிலே அடங்குவது தமிழின் தனிச்சிறப்பு.

அடிகளாரின் உழைப்பு இலக்கணத்தோடு நின்றதன்று. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' அவர் தமிழாக்கமே. இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல் என்னும் பெருமை அதற்குண்டு. மறுவாண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1600இல் அடிகளார் மறைந்தார். அவர் இலக்கணமோ நெடுங்காலம் லிசுபனில் கையெழுத்துப்படியாகவே கிடந்து, 1982இல் ஐரோப்பாவில் பதிப்பிக்கப்பெற்றது. 2013இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் விரிவான ஆய்வுரையும் கொண்டு வெளிவந்தது.

இனி, நம்மை நோக்குவோம். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தாய்த்தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மலையாளத்தில் ஞான் வந்நு, நீ வந்நு, அவன் வந்நு என எவர்க்கும் வினை ஒன்றே. அஃது அம்மொழியின் இயல்பு, குறையன்று. ஆனால், பள்ளியில் அம்மொழி பயிலும் நம் சிறார் நாவில் தமிழ்வினையின் ஈறுகளே முதலில் தளரக் காண்கிறோம். அம்மா, சோறு, வீடு என்னும் பெயர்கள் நிலைத்திருக்கும். வந்தேன், வந்தோம், வந்தீர்கள் என்பன மங்கிவிடும். தில்லியிலும் மும்பையிலும் கடல்கடந்த நாடுகளிலும் குடியேறிய குடும்பங்களின் நிலையும் இதுவே.

அயலார் ஒருவர் நானூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் அச்சுநூல் இன்றிக் கற்ற வினைகளை, நம் பிள்ளைகட்கு நாம் இல்லத்திலேயே கற்பிக்கலாகாதா? நாளொன்றுக்கு ஒரு வினை; அதன் மூன்று காலம்; தன்மை, முன்னிலை, படர்க்கை. உணவு பரிமாறும் நேரமே இதற்குப் போதும். வினை நிலைத்தால் மொழி நிலைக்கும். மொழி நிலைத்தால், எம்மண்ணில் வாழினும் நாம் தமிழராய் நிலைப்போம்.