கேத்தரின் கிளாட்ஸ்டன்: அறப்பணியின் அடித்தளமும் எல்லையும்

அரசியல் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளில் அவர்தம் துணைவியர் பெரும்பாலும் அடிக்குறிப்புகளாகவே நின்றுவிடுகின்றனர். நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமராக விளங்கிய வில்லியம் கிளாட்ஸ்டனின் மனைவி கேத்தரின் (1812-1900) அவ்வாறு ஒதுக்கத்தக்கவர் அல்லர். அவருடைய அறப்பணிக்கு அடித்தளமாக அமைந்தது எது? அவரது பொதுவாழ்வு எந்த எல்லையில் நின்றது? இவ்விரு வினாக்களை நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

வேல்ஸ் நாட்டு ஹாவர்டன் மாளிகைக்குரிய கிளின் பிரபுக் குடும்பத்தில் கேத்தரின் பிறந்தார். தாய்வழிக் கொள்ளுப்பாட்டனாரான ஜார்ஜ் கிரென்விலும் பிரதமராக இருந்தவரே. 1839ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கிளாட்ஸ்டனை மணந்த அவர், எட்டு மக்களுக்குத் தாயானார்.

1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்று லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டபோது, வேலையிழந்த இளம்பெண்களை ஹாவர்டனுக்கு அழைத்துப் பயிற்சியளித்தார். 1866இல் கிழக்கு லண்டனில் காலரா பரவியது. பலர் அஞ்சி விலகியிருந்த வேளையில் மருத்துவமனைக்கு நேரில் சென்றார். பெற்றோரை இழந்த சிறார்க்கு இல்லம் அமைத்தார். நோய் தணிந்து தேறும் ஏழையர்க்கு வுட்ஃபோர்டில் இலவச இல்லம் நிறுவப்பட்டதும் அவரது முயற்சியாலேயாம்.

எனினும் இவ்வறத்தின் பொருளாதாரப் பின்புலத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். 1847இல் ஓக் ஃபார்ம் இரும்புத் தொழில் நிறுவனம் நொடித்தபோது கிளின் குடும்பம் பெருங்கடனில் ஆழ்ந்தது. ஹாவர்டனை மீட்டதில் கிளாட்ஸ்டன் குடும்பச் செல்வத்திற்குப் பெரும்பங்கு உண்டு. அச்செல்வத்தை ஈட்டிய மாமனார் ஜான் கிளாட்ஸ்டன், டெமராராவில் அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டங்கள் நடத்தியவர். அடிமைமுறை ஒழிப்பின்போது ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் இழப்பீடு பெற்றவர். அவரது முன்முயற்சியாலேயே 1838இல் ஏறத்தாழ 400 இந்தியர் இரு கப்பல்களில் ஒப்பந்தக் கூலிகளாகப் பிரிட்டிஷ் கயானாவை அடைந்தனர். பிற்காலத்தில் மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழரைக் கொணர்ந்த ஒப்பந்த முறையும் இவ்வகையினதே என்பதால், இச்செய்தி நமக்கு அயலானதன்று.

இரண்டாம் வினாவிற்கான விடை அவரது அரசியல் வாழ்வில் கிட்டுகிறது. 1887இல் மகளிர் லிபரல் கூட்டமைப்பின் முதல் தலைவராக அவர் பொறுப்பேற்றார். 1892இல் பெண்களுக்கு வாக்குரிமை கோரிய மசோதாவைக் கிளாட்ஸ்டன் வெளிப்படையாக எதிர்த்தார். கூட்டமைப்பு அவ்வினாவிலேயே பிளவுற்றது. உரிமைக்குக் குரல் கொடுக்க முன்வராத கேத்தரின் பின்னர்ப் பதவியிலிருந்து விலகினார். கருணையின் பெயரால் இல்லத்தைவிட்டு வெளிவர முடிந்தவர்க்கு, உரிமையின் பெயரால் மேலும் ஓரடி எடுத்துவைக்க இயலவில்லை.

1900இல் மறைந்த அவர், வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் கணவருடன் அடக்கம் செய்யப்பட்டார். 2023 ஆகஸ்டில் அக்குடும்பத்தின் வழித்தோன்றல்கள் கயானாவுக்குச் சென்று, மூதாதையரின் செயலுக்காக மன்னிப்புக் கோரினர். காலராத் தெருக்களில் கேத்தரின் காட்டிய பரிவு உண்மையானது. அப்பரிவு சென்றடையாத தோட்டங்களும் உண்மையானவை. இரண்டையும் ஒருங்கே பதிவு செய்தலே வரலாற்றாசிரியர் கடன் என்பது நம் துணிபு.