'தேமியூர்கோஸ்': ஒரு கிரேக்கச் சொல்லின் வரலாறும் பெயர்ப்பும்

பிளேட்டோவின் 'திமேயஸ்' என்னும் உரையாடலில் உலகை உருவாக்குபவன் 'தேமியூர்கோஸ்' எனப்படுகிறான். இதனைத் தமிழில் 'படைப்புக் கடவுள்' என்றோ 'படைத்தவன்' என்றோ பெயர்ப்பது எளிது. ஆயின் அவ்வாறு பெயர்க்கும்போது மூலத்தில் இல்லாத ஒரு பொருள் உட்புகுகிறது. மூலத்தில் உள்ள ஒரு பொருள் விடுபடுகிறது. இவ்விரண்டும் யாவை என்பதை அச்சொல்லின் வரலாற்றைக் கொண்டே காணவேண்டும்.

'தேமோஸ்' (மக்கள், ஊர்), 'எர்கோன்' (வினை) என்பவற்றின் அடியாகப் பிறந்தது இச்சொல். ஹோமரின் ஒடிசி 17ஆம் காண்டத்தில் பன்றி மேய்க்கும் யூமேயஸ், அயலூரிலிருந்து வலிந்து அழைக்கத் தக்கவர் யாவர் எனக் கூறுமிடத்துக் குறிசொல்பவன், நோய் தீர்ப்பவன், மரத்தச்சன், பாடகன் ஆகியோரை இப்பெயரால் சுட்டுகிறான். அனைவரும் ஊர்ப்பொதுவுக்கு வினைசெய்வோர். தோரியக் கிளைமொழி வழங்கிய நகரங்கள் சிலவற்றில் இதே சொல் ஆட்சி அலுவலரின் பதவிப்பெயராயிற்று. ஏதென்சிலோ கைத்தொழில் செய்வோரைக் குறிக்கும் சொல்லாகவே அது நிலைபெற்றது. அத்தொழிலாளர்க்கு அங்கு உயர்மதிப்பு இருந்ததில்லை. பிளேட்டோவின் 'குடியரசு' நூலிலும் அவர்கள் மூன்றாம் வகுப்பினரே. அந்நூலின் பத்தாம் பகுதியில் கட்டில் செய்யும் தச்சனுக்கே 'தேமியூர்கோஸ்' என்னும் பெயர் தரப்படுகிறது. கட்டிலின் மெய்வடிவை ஆக்கிய கடவுளுக்கு 'நட்டு வளர்ப்பவன்' என்னும் பொருளுடைய வேறொரு சொல் வழங்கப்படுகிறது. ஏறத்தாழ கி.மு. 360இல் எழுந்ததாகக் கருதப்படும் 'திமேயஸில்' தச்சனின் பெயரே உலகை ஆக்குபவனுக்கு ஏறிவிடுகிறது.

இது வெறும் உருவகம் அன்று. அவனுக்குரிய வினைச்சொற்களை நோக்கினால் இது விளங்கும். அவன் கலக்கிறான், பொருத்துகிறான், பகுக்கிறான், வளைக்கிறான். உலக உயிரைக் கலந்த கலத்திலேயே மனித உயிர்களுக்குரிய எச்சத்தையும் மீண்டும் கலக்கிறான். உடலை ஆக்கும் பொறுப்பை இளைய கடவுளரிடம் ஒப்படைக்குமிடத்து, அழியாததோடு அழிவதை நெய்யுமாறு பணிக்கிறான். உலகத் தோற்றத்திற்கு இடந்தரும் ஏற்பியைப் பிளேட்டோ விளக்கும் உவமைகளும் தொழிற்கூடத்தினவே: பல வடிவாக வார்க்கப்படும் பொன், நறுமணம் ஏற்றுவதற்கென மணம் நீக்கிய நெய்மம்.

எந்தக் கைவினைஞனையும் போல அவனுக்கும் இரண்டு முன்னமே உள்ளன. ஒன்று, அவன் நோக்கிச் செய்யும் மாறாத முன்மாதிரி. மற்றொன்று, ஒழுங்கின்றி அசையும் பொருள். 'இன்றியமையாமை' எனப்படும் ஆற்றலை அவன் அடக்கி ஆள்வதில்லை. இணங்கச் செய்கிறான், அதுவும் பெரும்பகுதியே. இன்மையிலிருந்து உலகை வருவிக்கும் எல்லாம் வல்லவன் இங்கு இல்லை. உலகுக்குத் தோற்றம் உண்டு என்பதை அரிஸ்டாட்டில் மறுத்தார். பிளேட்டோவின் கழகத்தினரோ, கற்பிக்கும் பொருட்டே ஆசிரியர் தோற்றமாகக் கூறினார் என அமைதி கண்டனர்.

மொழிபெயர்ப்பாளர்கள் தொடக்கம் முதலே இச்சொல்லின்முன் தயங்கியுள்ளனர். எபிரேய மறையைக் கிரேக்கத்தில் பெயர்த்த எழுபதின்மர் மரபு, தொடக்க நூலின் முதல் வரியில் 'செய்தார்' என்னும் பொதுவினையை ஆண்டது. பிற இடங்களில் நகரை 'நிறுவுதல்' என்னும் பொருளுடைய வினையையும் ஆண்டது. கடவுளுக்குத் தொழிலாளியின் பெயரைச் சூட்டவில்லை. புதிய ஏற்பாட்டில் இச்சொல் எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தில் ஒரே ஒருமுறை வருகிறது. அங்கும் கடவுள் கட்டுவது ஒரு நகரத்தையே என்பது நோக்கத்தக்கது. இலத்தீனில் சிசரோ, 'ஆக்கியோனும் தந்தையும்' என்று பிளேட்டோ இணைத்துச் சொன்னதை 'தந்தை போன்றவன்' எனச் சுருக்கினார். நான்காம் நூற்றாண்டினரான கால்சிடியஸ் 'வேலை செய்பவன்' என்னும் பொருளுடைய 'ஒப்பிஃபெக்ஸ்' என்பதைத் தேர்ந்தார். இடைக்கால மேலை ஐரோப்பா 'திமேயஸை' அறிந்தது பெரும்பாலும் இவருடைய பெயர்ப்பின் வழியாகவே; அதுவும் நூலின் முற்பகுதி மட்டுமே.

தமிழில் 'படைத்தல்' என்னும் வினை தன்னளவில் இன்மையிலிருந்து ஆக்குதலைச் சுட்டுவதன்று. உணவு படைப்பதும் படைத்தலே. ஆயினும் 'படைத்தவன்' என்றவுடன் வாசகர் உள்ளத்தில் நான்முகனோ விவிலியக் கடவுளோ தோன்றுவதைத் தவிர்க்க இயலாது. சைவ சித்தாந்தம் கூறும் குயவன், மண், திரிகை உவமை இதற்கு அணுக்கமாய் வருகிறது. எனினும் குயவன் கண்வைத்துச் செய்யும் என்றுமுள்ள மாதிரி அவ்வுவமையில் இல்லை. 'நிமித்த காரணன்' எனப் பெயர்த்தால் பிளேட்டோ கோட்பாட்டின் பாதி மறையும். 'உலகத் தச்சன்' என்பது கவர்ச்சியானது. ஆனால் கலத்தில் கலப்பவனும் பொன் வார்ப்பவனும் அதனுள் அடங்கார். 'கைவினைஞன்' என்பதே 'திமேயஸுக்கு' ஏற்றதெனக் கருதுகிறேன். உலகை ஆக்குபவனுக்குச் சற்றுத் தாழ்ந்த சொல்லன்றோ என்பார் உளர். ஏதென்சு நகரத்து வாசகனுக்கும் அது அவ்வாறே ஒலித்திருக்கும்.

இச்சொல்லை எல்லாக் காலத்து நூல்களுக்கும் பொருத்துதல் கூடாது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு ஞானவாதிகளுள் வாலண்டினஸ் வழியினர் 'தேமியூர்கோஸ்' என்றது, தனக்கு மேலுள்ளதை அறியாது தன்னையே முதல்வன் என எண்ணும் ஒரு கீழ்நிலைக் கடவுளை. உலகையும் அதை ஆக்கியவனையும் இழித்துரைக்கும் இத்தகையோரை மறுத்துப் புளோட்டினஸ் தனியே ஓர் உரை எழுதினார். அங்குச் சொல் தொழிலை விட்டுப் பெயராகிவிட்டது. ஆதலின் அந்நூல்களைப் பெயர்ப்போர் 'தேமியூர்கோஸ்' என்றே எழுதி, முதலிடத்தில் ஓர் அடிக்குறிப்புத் தருதல் போதும்.