வட்டியில்லா வங்கி விழாதா?



சென்ற மாதம் நேயர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணை, இஸ்லாமிய வங்கி நெருக்கடியிலும் விழாதாமே, உண்மையோ?" ஓய்வூதியப் பணத்தை எங்கே வைப்பது என்பது அவர் கவலை. கணக்காளன் நான், பழைய கணக்குகளைப் புரட்டினேன்.

2008 செப்டெம்பர் 15 இல் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வீழ்ந்தது. வீட்டுக்கடன்களைப் பத்திரங்களாக்கிக் கைமாற்றியதே பல வங்கிகளுக்கு வினையானது. வளைகுடாவின் இஸ்லாமிய வங்கிகளோ பொருளை வாங்கி, இலாபம் வைத்துத் தவணைக்கு விற்பவை. கடனைக் கழிவில் விற்பது அங்கே கூடாது. ஆகவே முதல் அடி அவற்றின்மேல் விழவில்லை.

இரண்டாவது அடி விழுந்தது. அவற்றின் பணம் பெருமளவு காணி, கட்டடங்களில் முடங்கியிருந்தது. விலை சரியத் தொடங்கியதும் டுபாயின் அம்லாக், தம்வீல் ஆகிய வீட்டுநிதி நிறுவனங்கள் 2008 நவம்பரிலேயே புதிய கடன்களை நிறுத்தின. 2009 டிசம்பரில் நக்கீலின் சுக்கூக் பத்திரத்தை அடைக்க அபுதாபி கைகொடுக்க வேண்டியதாயிற்று. 2009 இல் இஸ்லாமிய வங்கிகளின் இலாபமே அதிகம் சரிந்தது என்றது சர்வதேச நாணய நிதியத்தின் 2010 ஆய்வறிக்கை ஒன்று.

அதற்கு முன்னரும் ஒரு பாடம் உண்டு. 2001 இல் துருக்கியில் வட்டியில்லா நிறுவனமான இஹ்லாஸ் ஃபினான்ஸ் மூடப்பட்டது. அதன் வைப்புகளுக்கு அரச காப்புறுதி இருக்கவில்லை. பணம் போட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

நேயருக்கு என் பதில் இதுதான்: வங்கியின் பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள். பணம் எங்கே முதலிடப்படுகிறது, வைப்புக்குக் காப்புறுதி உண்டா என்று கேளுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.