கருப்பை நீக்க முறைகள்

கருப்பை நீக்கம் என்பது பெண்ணின் கருப்பையை அறுவைச் சிகிச்சை மூலம் அகற்றுவதாகும். இது பேச்சு வழக்கில் கர்ப்பப்பையை எடுத்தல் எனப்படுகின்றது. புற்றுநோய் அல்லாத காரணங்களால் பெருத்த கருப்பையை வயிற்றின் வழியாகவோ, யோனி வழியாகவோ, லேப்பராஸ்கோப்பி எனும் உள்நோக்கிக் கருவியின் துணையுடனோ அகற்றலாம். நோயாளிக்கு ஏற்படும் வலி, ஆபத்து, குணமடையும் காலம் ஆகியன இத்தேர்வைப் பொறுத்து வேறுபடுகின்றன.

கருப்பை பெருத்தல்

இயல்பான கருப்பையின் எடை பொதுவாக 100 கிராமுக்கும் குறைவு. நார்த்திசுக்கட்டிகள் (ஃபைப்ராய்டு), கருப்பையின் உட்படலம் தசைக்குள் ஊடுருவும் அடினோமையோசிஸ் ஆகியவை கருப்பை பெருப்பதற்கு முக்கிய காரணங்கள் ஆகும். பெருத்த கருப்பையின் அளவைக் கர்ப்ப வாரங்களால் குறிப்பிடுவது மருத்துவ மரபு. 12 வார அளவு என்பது ஏறத்தாழ 280 கிராம் எடைக்கு இணையாகக் கொள்ளப்படுகின்றது.

வரலாறு

1813 இல் செருமனியின் கொன்ராட் லாங்கன்பெக் திட்டமிட்ட முறையில் யோனி வழியாகக் கருப்பையை அகற்றினார். 1853 இல் அமெரிக்காவில் பர்ன்ஹாம் வயிற்றின் வழியாகக் கருப்பையை அகற்றிய பெண் உயிர் பிழைத்தார். 1988 இல் ஹாரி ரைக் முதலாவது லேப்பராஸ்கோப்பிக் கருப்பை நீக்கத்தைச் செய்தார். 2005 இல் டாவின்சி ரோபோ மகளிர் நோய் அறுவைக்கு அமெரிக்க ஒப்புதல் பெற்றது.

முறைகள்

* வயிற்று வழி: அடிவயிற்றில் வெட்டி அகற்றுதல். மிகப் பெரிய கருப்பைக்கும், உறுப்புகள் ஒட்டிக் கொண்டிருக்கும் நிலைக்கும் ஏற்றது. வலி அதிகம், குணமடைய ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆகும்.
* யோனி வழி: வயிற்றில் வெட்டு இல்லை. பெரிய கருப்பையை இரண்டாகப் பிளந்தோ, கட்டிகளைத் தனியே எடுத்தோ சிறிதாக்கி வெளியேற்றுவர்.
* லேப்பராஸ்கோப்பி வழி: சிறு துளைகள் வழியாகச் செய்யப்படுவது. ஒட்டுத்திசுக்களைக் கண்ணால் பார்த்து விலக்கலாம். கருவிச் செலவும் பயிற்சியும் கூடுதலாகத் தேவை.

ஒப்பீடு

2004 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான எவால்யூயேட் ஆய்வில், வயிற்று வழியைவிட லேப்பராஸ்கோப்பி முறையில் வலி குறைவாக இருந்தது. ஆயினும் பெரும் சிக்கல்கள் 6.2 விழுக்காட்டுக்கு எதிராக 11.1 விழுக்காடாக இருந்தன. யோனி வழியுடன் ஒப்பிட்டபோது, லேப்பராஸ்கோப்பிக்கு 72 நிமிடங்களும் யோனி வழிக்கு 39 நிமிடங்களும் ஆயின. இயலும் இடங்களில் யோனி வழியே முதல் தேர்வு எனக் காக்ரேன் மீளாய்வுகள் கூறுகின்றன.

கருப்பையின் அளவு மட்டும் வழியைத் தீர்மானிப்பதில்லை. அது அசையக்கூடியதா, யோனி போதிய அகலம் உடையதா, முன்பு சிசேரியன் நடந்துள்ளதா, மருத்துவரின் பயிற்சி எத்தகையது என்பனவும் கருதப்படும்.

பெரிய கருப்பையை வயிற்றினுள் இயந்திரத்தால் துண்டாக்குவதில் ஓர் ஆபத்து உண்டு. நார்க்கட்டி எனக் கருதி அறுவை செய்யப்படும் பெண்களில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்கு அறியப்படாத சார்கோமாப் புற்றுநோய் இருக்கலாம் என்றும், துண்டாக்கினால் அது பரவக்கூடும் என்றும் 2014 இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

இந்தியாவில்

யோனி வழி முறை முன்பு பெரும்பாலும் கருப்பை இறக்கத்துக்கே (வழக்கில் அடியிறக்கம்) பயன்பட்டது. இறக்கம் இல்லாத கருப்பையையும் இவ்வழியே அகற்றலாம் என வலியுறுத்தியோரில் மும்பை மருத்துவர் ஷிரிஷ் சேத் குறிப்பிடத்தக்கவர். பெரும் கருவிச் செலவு இல்லாததால் சிறு நகர மருத்துவமனைகளுக்கும் இம்முறை பொருந்தும்.

2015-16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுடைய பெண்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினர் கருப்பையை அகற்றியிருந்தனர். இவற்றில் மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்க மத்திய நலவாழ்வு அமைச்சகம் 2022 இல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவற்றை மூன்று மாதங்களுக்குள் மாநிலங்கள் ஏற்கவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது.

மாற்று வழிகள்

எவ்வழியில் அகற்றுவது என்பதற்கு முன், அகற்றத்தான் வேண்டுமா என்பது ஆராயப்பட வேண்டும். மாத்திரைகள், ஹார்மோன் வெளியிடும் கருப்பைச் சாதனம், கட்டியை மட்டும் நீக்குதல், கருப்பைத் தமனியை அடைத்தல் ஆகியன மாற்றுகள் ஆகும். மாதவிடாய் நின்றபின் நார்க்கட்டிகள் பொதுவாகச் சுருங்கும். தொந்தரவு தராத கட்டிகளுக்குப் பெரும்பாலும் கண்காணிப்பே போதுமானது.

இவற்றையும் பார்க்க

* கருப்பை
* நார்த்திசுக்கட்டி
* மாதவிடாய் நிறுத்தம்