கண்டி மாநகரப் பொதுப் போக்குவரத்து

மத்திய மாகாணத் தலைநகரான கண்டியைச் சுற்றுப்புற ஊர்களோடு இணைக்கும் பஸ், புகையிரத சேவைகள். மலைகள் சூழ்ந்த இந்நகருக்குப் பேராதனை, கட்டுகஸ்தோட்டை, தென்னகும்புர ஆகிய மூன்று பக்கங்களிலிருந்தே பெரும்பாலான வாகனங்கள் வருகின்றன. தலதா மாளிகைமீதான 1998 ஜனவரிக் குண்டுத்தாக்குதலை அடுத்து மாளிகை முன்றல் வீதி மூடப்பட்டதால், அவ்வீதியின் வாகனச் சுமையும் வாவியோரப் பாதைகள்மீது விழுந்தது. 1988 முதல் உலக மரபுரிமை நகரமாதலால் நினைத்தபடி வீதிகளை அகலிக்கவும் இயலாது. ஓடும் வாகனங்களைக் குறைத்து, ஏறும் ஆட்களைக் கூட்டுவதே இங்கு மிஞ்சும் வழி.

1867இல் கண்டிக்கு வந்த புகையிரதம் கோப்பித் தோட்டங்களுக்காகப் போடப்பட்டது. கோப்பி ஏற்றுமதித் தீர்வை அதன் செலவுக்குக் கைகொடுத்தது. பஸ்ஸின் கதை வேறு. 1958இல் தேசியமயமாகி, 1979இல் மீண்டும் தனியாருக்குத் திறக்கப்பட்டது. இன்று இலங்கை போக்குவரத்துச் சபை மத்திய அரசின் கையில். மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸின் அனுமதிப்பத்திரம் மாகாண அதிகாரசபையிடம். மாகாணம் தாண்டினால் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம். இம்மூன்று வகை பஸ்களும் ஒரே தரிப்பிடத்தில் நிற்பதும் உண்டு.

நெரிசலின் வேர் வருமான முறையில் உள்ளது. தனியார் பஸ்ஸில் சாரதி, நடத்துனர் கூலி அன்றைய வசூலிலிருந்தே வருகிறது. ஆகவே ஆள் நிறையும்வரை தரிப்பிடத்தில் உறுமிக்கொண்டு நிற்பதும், கிளம்பியபின் முன்னால் போகும் பஸ்ஸை விரட்டுவதும் அவர்களுக்கு நியாயமான கணக்குத்தான். கலஹா, தெல்தோட்டைத் தோட்டப் பாதைகளில் அந்தக் கணக்கு சரிவராது: காலையும் மாலையும் நெரிசல், நடுப்பகலில் வெறும் இருக்கைகள். இலாபமில்லாத இத்தகைய ஓட்டங்கள் பெரும்பாலும் சபையின் தலையில் விழுகின்றன. நட்டத்தைத் திறைசேரி ஓரளவு ஈடுசெய்கிறது.

வசூலை நம்பாத மாற்று முறை நாட்டுக்குப் புதியதல்ல. பாடசாலை மாணவருக்கான ‘சிசு செரிய’வில், குறித்த நேரத்தில் குறித்த வழியில் ஓடுவதற்கே அரசு பணம் கொடுக்கிறது. அதே ஒப்பந்தத்தைச் சாதாரணப் பயணிகளுக்கும் விரித்தால், பஸ் கிளம்புவதைக் கூட்டமல்ல, மணிக்கூடு தீர்மானிக்கும்.

புகையிரத நிலையத்தை அடுத்த குட்ஷெட் பகுதியில் உலக வங்கிக் கடனுதவியுடன் திட்டமிடப்பட்ட பல்முறைப் போக்குவரத்து முனையம், சிதறிக்கிடக்கும் தரிப்பிடங்களை ஓரிடத்தில் சேர்க்கவென்று வந்தது. கட்டடத்துக்குக் கடன் கிடைக்கிறது. அன்றாட ஓட்டத்துக்கு யார் பணம் கட்டுவது என்ற கேள்வி பின்தள்ளப்படுகிறது. 1880இல் திறந்த மாத்தளைப் புகையிரதப் பாதை மஹய்யாவ, கட்டுகஸ்தோட்டை வழியாக, நெரிசல் வீதிக்கு வெகுதொலைவின்றியே செல்கிறது. ஒற்றைத் தண்டவாளம், சொற்ப ரயில்கள். அங்கே இறங்கி பஸ் ஏறுபவர் இன்னொரு சீட்டு வாங்கவேண்டும்.